தெரிந்தவர்கள் வலது கை

ஜனவரி 19, திங்கள்

பொங்கல் விடுமுறை முடிந்து இன்று பள்ளி திறந்தது. காலையில் பார்த்து சிலிண்டர் தீர்ந்து போனது. பக்கத்து வீட்டு இண்டக்‌ஷன் அடுப்பை வாங்கி வந்து உப்புமா கிண்டினேன். என் மகள் நறுமுகை அதை ஏதோ தண்டனை போலச் சாப்பிட்டாள். எட்டாம் வகுப்புக்கு வந்ததிலிருந்து அவளுக்கு உப்புமா என்றாலே ஆகாது.

பள்ளிக்குள் நுழைந்ததுமே எங்கள் முதல்வர் மிசஸ் குரியன் தமிழ்வழி ஆசிரியர்கள் நால்வரையும் அறைக்கு அழைத்தார். பிப்ரவரி பன்னிரண்டாம் தேதி வெளிநாட்டிலிருந்து அங்கீகாரக் குழு வருகிறதாம். காலையில் எல்லாப் பாடமும் தமிழில், மதியத்துக்கு மேல் ஆங்கிலத்தில் என்று வாசலில் பெரிய பலகை வைத்திருக்கிறோம். அந்தக் காலைநேரம் நிஜமாகவே நடக்கிறதா என்று பார்க்கத்தான் வருகிறார்கள்.

"அவங்களுக்குத் திருப்தி இல்லைன்னா அடுத்த வருஷம் தமிழ் வாரத்துக்கு ரெண்டு பீரியட்தான். அதுக்கு ஒரு டீச்சர் போதும்" என்றார் மிசஸ் குரியன். நாங்கள் நால்வரும் தரையைப் பார்த்தோம்.

அவர்கள் உட்காரப் போவது என் வகுப்பில். ஐந்தாம் வகுப்பு அறிவியல், நீர்ச் சுழற்சி. என் வேலை போனால் நறுமுகையும் இங்கே படிக்க முடியாது. ஆசிரியர் பிள்ளை என்ற சலுகையில்தான் அவள் இங்கே இருக்கிறாள். அவள் அப்பா தூத்துக்குடி துறைமுகத்திலிருந்து அனுப்புவது வாடகைக்கும் தண்ணீர் லாரிக்குமே சரியாகப் போகிறது. இதையெல்லாம் அவளிடம் சொல்லவில்லை.

ஜனவரி 20, செவ்வாய்

என் வகுப்பைப் பற்றி யாரிடமாவது சொன்னால் கதை விடுகிறேன் என்பார்கள். கொரியாக்காரப் பையன் மின்சோ தமிழ் கற்றது அவர்கள் வீட்டுக் கார் டிரைவரிடம். "இன்னா மிஸ், லேட்டு?" என்றுதான் காலையில் என்னை வரவேற்பான். ஜெர்மன் பையன் யோனாஸ் கற்றது முழுக்கப் புத்தகத்தில். "மிஸ், நான் நீர் அருந்திவிட்டு வரலாமா?" என்று கேட்பான். நைஜீரியப் பெண் சியோமா வாயில் வரும் 'ஐயய்யோ'வுக்கு இணையாக நானே சொல்ல முடியாது. மதியச் சாப்பாட்டில் மூவரும் எலுமிச்சை சாதத்தையும் கிம்ச்சி ஊறுகாயையும் மாற்றி மாற்றித் தின்கிறார்கள்.

இவர்களுக்கு நடுவில் ஆதிரை. அண்ணாநகரிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலைக்குக் குடி வந்த, தலைமுறை தலைமுறையாகத் தமிழ் பேசிய குடும்பம். பெயரைக் கேட்டால் சங்ககாலம். வீட்டில் நாயிடம்கூட ஆங்கிலம்தான் பேசுவார்களாம். "மிஸ், இந்த லைன் என்ன மீன் பண்ணுது?" என்று என் காதருகே வந்து கேட்பாள், மற்றவர்களுக்குக் கேட்டுவிடக் கூடாதென்று. அவளுக்குத் தெரியாதது குற்றமில்லை. ஆனால் மின்சோவுக்குத் தெரிவது தனக்குத் தெரியவில்லை என்பது அவளுக்கு வெட்கமாக இருக்கிறது. அதனால் வகுப்பில் வாயே திறப்பதில்லை.

ஜனவரி 23, வெள்ளி

இன்று பிள்ளைகளுக்குக் கை வித்தையைச் சொல்லிக் கொடுத்தேன்.

அருப்புக்கோட்டையில் வேலை பார்த்த காலத்தில் இன்ஸ்பெக்‌ஷன் என்றால் இதுதான் எங்களுக்குக் கவசம். கேள்வி கேட்டதும் வகுப்பு முழுக்கக் கை தூக்க வேண்டும். பதில் தெரிந்தவர்கள் வலது கை, தெரியாதவர்கள் இடது கை. ஆசிரியர் வலது கைகளை மட்டும் எழுப்புவார். வந்த அதிகாரி, அடடா, அத்தனை பிள்ளைக்கும் பதில் தெரிகிறதே என்று சந்தோஷமாக காபி குடித்துவிட்டுப் போவார். எங்கள் பக்கத்தில் இதைப் பார்க்காத வாத்தியார் கிடையாது.

யோனாஸ் எழுந்து நின்றான். "மிஸ், எனக்கு விடை தெரியாது. ஆயினும் கையை உயர்த்துகிறேன். அது பொய் அல்லவா?"

"பொய் இல்லடா. அன்னிக்கு வர்றவங்க விருந்தாளிங்க. விருந்தாளி வந்தா வீட்டச் சுத்தமா வச்சுக்கறதில்லையா?"

"அழுக்க கட்டிலுக்குக் கீழ தள்ற மாதிரி" என்றான் மின்சோ. வகுப்பு சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன்.

வீட்டில் நறுமுகையிடம் சொன்னபோது அவள் சிரிக்கவில்லை. "ம்மா, இது சீட்டிங்."

"ஊரோட ஒத்து வாழணும்டி."

"எந்த ஊரு? அருப்புக்கோட்டையா, இந்த ஊரா?"

வாய் மட்டும் அவள் அப்பாவுக்கு மேலே வளர்ந்திருக்கிறது.

ஜனவரி 27, செவ்வாய்

ஒத்திகை. "மேகம் எப்படி உண்டாகிறது?" என்று கேட்டேன். எல்லாக் கைகளும் மேலே போயின. பாதிக்கு மேல் இடது கை.

சியோமாவும் இடது. நன்றாகப் புரிந்துகொள்கிறாள் என்று நான் பல மாதமாக நினைத்திருந்த பிள்ளை. புரிகிறதா என்று கேட்கும்போதெல்லாம் தலையை ஆட்டுவாள். அந்தத் தலையாட்டலை நம்பி எத்தனை பாடத்தைக் கடந்து வந்திருக்கிறேனோ.

மேகத்தை மறுபடி முதலிலிருந்து நடத்தினேன். ஒத்திகை நன்றாக வர வேண்டுமே என்பதற்காகத்தான்.

ஜனவரி 30, வெள்ளி

இப்போதெல்லாம் குழு, ஒத்திகை என்று நான் சொல்லாவிட்டாலும் கணக்கு வகுப்பில்கூட இடது கையைத் தூக்குகிறார்கள். கணக்கு நடத்தும் ராஜேஸ்வரி வந்து, "என்ன மிஸ் பண்ணி வச்சிருக்கீங்க? எல்லாம் லெஃப்ட்டு லெஃப்ட்டுன்னு தூக்குதுங்க. நான் எங்க போர்ஷனை முடிக்கறது?" என்று சத்தம் போட்டார். பன்னிரண்டாம் தேதிவரைதான், அப்புறம் நிறுத்திவிடுகிறேன் என்று சொல்லி அனுப்பினேன்.

சிலிண்டர் வந்துவிட்டது.

பிப்ரவரி 3, செவ்வாய்

சாப்பாட்டு நேரத்தில் ஆதிரை டப்பாவோடு என் மேசைக்கு வந்தாள்.

"மிஸ், ஸீ வாட்டர் சால்ட்டியா இருக்கு. ரெயின் ஏன் சால்ட்டியா இல்ல?"

"தமிழ்ல கேளு பாப்போம்."

மோவாயில் கை வைத்து யோசித்தாள். "கடல் தண்ணி உப்பு. மழை தண்ணி ஏன் உப்பு இல்ல?"

இது பாடப் புத்தகத்திலேயே இல்லாத கேள்வி. சந்தோஷத்தில் அவள் கன்னத்தைக் கிள்ளிவிட்டேன். வெயிலில் நீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது என்று சொன்னேன். முகத்தைப் பார்த்தாலே புரியவில்லை என்று தெரிந்தது. இடது கையை லேசாக, தோளுக்குக்கூட எட்டாமல் தூக்கிக் காட்டினாள். எங்கள் இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அதற்குள் மணி அடித்துவிட்டது.

அந்தக் கேள்வியையே குழு வரும் நாளில் கடைசிக் கேள்வியாக வைத்துக்கொள்ளலாம். மின்சோவைத் தயார் செய்ய வேண்டும்.

பிப்ரவரி 6, வெள்ளி

மிசஸ் குரியன் கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்து ஒத்திகை பார்த்தார். எல்லாம் எண்ணெய் போட்ட வண்டி மாதிரி ஓடியது, நான் ஆதிரையை எழுப்பும்வரை. வலது கை தூக்கியிருந்தாள். எழுப்பினேன். எழுந்து நின்றவள் உதட்டைக் கடித்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தாள். வகுப்பு அவளையே பார்த்தது. மின்சோ மெதுவாக, "கை மாறிப்போச்சு மிஸ்" என்றான். அவளுக்கு எப்போதும் இடது வலது குழப்பம். செருப்பைக்கூட மாற்றிப் போட்டுக்கொண்டு வருவாள். கண்ணில் நீர் முட்டிவிட்டது, பாவம்.

மிசஸ் குரியன் பாதியிலேயே எழுந்து போனார். அதுதான் பயமாக இருக்கிறது.

பிப்ரவரி 9, திங்கள்

பயந்தது போலவே ஆயிற்று. அறைக்குக் கூப்பிட்டார்.

"கோதை மிஸ், அந்தப் பொண்ணு வியாழக்கிழமை வேண்டாம்."

"மேடம், நான் அவளை எழுப்பவே மாட்டேன்."

"நீங்க எழுப்ப மாட்டீங்க. வர்றவங்கள்ல ஒருத்தங்க மலேசியத் தமிழ். அவங்க பக்கத்துல போய் உட்கார்ந்து ஏதாவது கேட்டா? தமிழ்க் குழந்தைக்கே தமிழ் வரலைன்னு எழுதிட்டுப் போனா நாம எல்லாரும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். நான் பேசினா பிரச்சனை ஆகும். நீங்க சொன்னா அவங்க அம்மா கேட்பாங்க. ஒரு நாள் ரெஸ்ட் எடுக்கட்டும்னு சொல்லுங்க."

அருப்புக்கோட்டையிலும் இது உண்டு. இன்ஸ்பெக்‌ஷன் அன்று சில பிள்ளைகளுக்கு லீவு கொடுத்துவிடுவோம். அந்தப் பிள்ளைகள் ஒரு நாள் கிடைத்ததென்று துள்ளிக் குதித்து ஓடும். யாரும் அழுததில்லை.

சாயங்காலம் ஆதிரையின் அம்மாவுக்குப் போன் செய்தேன். லைன் பிஸி. மறுபடி செய்தேன், அப்போதும் பிஸி. ஏதோ மீட்டிங்கில் இருப்பார்கள். எனக்கு ஒரு வகையில் நிம்மதியாகத்தான் இருந்தது.

பிப்ரவரி 10, செவ்வாய்

தண்ணீர் லாரி வந்தது. தலைவலி. நறுமுகை சாயங்காலத்திலிருந்து என்னோடு பேசவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்விட்டாள். இந்த வயதில் எதற்கெடுத்தாலும் கோபம்தான்.

பிப்ரவரி 11, புதன்

பள்ளிக்கூடமே கல்யாண வீடு மாதிரி இருக்கிறது. வாசலில் கோலம், வராந்தாவில் இரு மொழியிலும் புதுப் பலகைகள். 'கழிப்பறை' என்பதற்குக்கூட ஒரு பூ படம் போட்டிருக்கிறார்கள்.

ஆதிரைக்கு என் பையிலிருந்த கடலை மிட்டாயைக் கொடுத்தேன். கொடுக்க வேண்டும் போல இருந்தது, அவ்வளவுதான். அவள் அதைப் பிரிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு, "மிஸ், அந்த சால்ட் கேள்வி இருக்குல்ல..." என்று ஆரம்பித்தாள். பின்னால் மிசஸ் குரியன் வந்துகொண்டிருந்தார்.

"அப்புறம்டா. நாளைக்குப் பேசலாம்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

நாளைக்கு என்று சொன்னது பிறகுதான் உறைத்தது. வெள்ளிக்கிழமை என்று சொல்லியிருக்க வேண்டும்.

மாம்பழக் கலர் கைத்தறிப் புடவைக்கு இஸ்திரி போட்டு வைத்திருக்கிறேன். தூக்கம் வருமா தெரியவில்லை.

பிப்ரவரி 12, வியாழன்

எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன். எழுதாவிட்டால் மண்டைக்குள்ளேயே சுற்றும்.

காலை வகுப்புக்குள் நுழைந்ததும் முதலில் பார்த்தது ஜன்னலோரத்தை. ஆதிரை உட்கார்ந்திருந்தாள். எண்ணெய் வைத்து வாரி, இரட்டைப் பின்னல் போட்டு, செருப்பை ஒழுங்காக மாட்டிக்கொண்டு. என்னைப் பார்த்துச் சிரித்தாள். வாசலில் நின்ற மிசஸ் குரியன் அவளைப் பார்த்துவிட்டு என்னை முறைத்தார். திருப்பி அனுப்ப நேரமில்லை, குழு படியேறி வந்துகொண்டிருந்தது.

வந்தவர்கள் இருவர். ஒருவர் நியூசிலாந்துக்காரர், உயரமானவர், சுவரோரமாகப் போய் நின்றுகொண்டார். இன்னொருவர் மலேசியத் தமிழ்ப் பெண்மணி, சரோஜினி முனியாண்டி. வெள்ளைத் தலை, பருத்திப் புடவை, எல்லாவற்றையும் பார்க்கிற கண். மிசஸ் குரியன் பயந்தபடியே நேராகப் போய் ஜன்னலோர வரிசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

பாடம் ஆரம்பித்தேன். முதல் இரண்டு வாக்கியத்துக்கு என் குரல் எனக்கே கேட்கவில்லை. அப்புறம் பிள்ளைகள் என்னை இழுத்துக்கொண்டு போனார்கள். மேகம் எப்படி உண்டாகிறது என்றதும் எல்லாக் கையும் மேலே. யோனாஸை எழுப்பினேன். "நீராவி குளிர்ச்சியடைந்து சிறு துளிகளாக மாறுகிறது" என்றான், செய்தி வாசிப்பது போல. நியூசிலாந்துக்காரருக்கு ஒன்றும் புரியாவிட்டாலும் புருவம் உயர்ந்தது. சியோமாவை எழுப்பினேன். மழை நீர் நிலத்துக்குள் போவதைக் கையால் நடித்துக் காட்டியே சொன்னாள். ஒரு சின்னத் திக்கல்கூட இல்லை. இன்றைக்கு இடது கைகள் குறைவு என்பதைக் கவனித்தேன்.

கடைசிக் கேள்வி. "கடல் நீர் உப்பாக இருக்கிறது. அந்த நீர்தான் மழையாகிறது. ஆனால் மழை நீர் ஏன் உப்பாக இல்லை?"

கைகள் எழுந்தன. ஆதிரை வலது கையைத் தூக்கியிருந்தாள்.

முழங்கை மடங்காமல், நேராக, பெஞ்சிலிருந்து எழுந்துவிடுவது போல. போன வெள்ளிக்கிழமை நினைவுக்கு வந்தது. மறுபடி கை மாறிவிட்டது, ஐயோ, அந்த அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாரே என்று எனக்குப் பதறியது. அவள் கண்ணைப் பார்க்காமல் மின்சோவை எழுப்பினேன்.

"உப்பு கனமா கீது மிஸ். தண்ணி மட்டும் ஆவியாயி மேல பூடும். உப்பு கடல்லயே குந்திக்கும்."

சரோஜினி அம்மா வாய்விட்டுச் சிரித்தார். வகுப்பே சிரித்தது. மிசஸ் குரியனும் சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் சரோஜினி அம்மா, "இன்னும் யாரும் சொல்றீங்களா?" என்று கேட்டார். ஆதிரையின் வலது கை இன்னும் இறங்கவில்லை. இடது கையால் அதைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். நான் சியோமாவின் பெயரைச் சொன்னேன்.

மணி அடித்தது. சரோஜினி அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "பிள்ளைங்க எல்லாமே பயமில்லாம கை தூக்குதுங்க டீச்சர். நான் எத்தனையோ ஸ்கூல் பார்த்துட்டேன், இப்படிப் பார்த்ததில்ல." நியூசிலாந்துக்காரர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். அவர்கள் அந்தப் பக்கம் போனதும் மிசஸ் குரியன் என்னைக் கட்டிப் பிடித்தார். "அந்தக் குழந்தை எப்படி வந்ததுன்னு அப்புறம் கேட்டுக்கறேன்" என்று காதில் சொல்லிவிட்டுப் போனார்.

பிள்ளைகள் எல்லாரும் சாப்பிடப் போய்விட்டார்கள். ஆதிரை மட்டும் என் மேசைக்கு வந்தாள்.

"சாரி மிஸ்."

"எதுக்குடா சாரி?"

"நீங்க லீவு போடச் சொன்னீங்கன்னு அம்மா சொன்னாங்க. நான்தான் அப்பாகிட்ட அழுது வந்துட்டேன். எனக்கு ஆன்சர் தெரியும், அதான் வந்தேன்."

அவளே தொடர்ந்து பேசினாள்.

"வீட்ல சால்ட் வாட்டர் பாயில் பண்ணோம் மிஸ், நானும் அப்பாவும். மூடி போட்டு. அப்புறம் மூடியில இருந்த தண்ணிய நக்கிப் பார்த்தேன். உப்பே இல்ல. கீழ பாத்திரத்துல வெள்ளையா ஒட்டியிருந்துச்சு, அதான் உப்பு. நேத்தே சொல்ல வந்தேன். ரைட் ஹேண்ட்தான் மிஸ் தூக்கினேன். கரெக்ட்டா பார்த்துதான் தூக்கினேன்."

இத்தனை தமிழை அவள் வாயிலிருந்து நான் ஒரே மூச்சில் கேட்டதில்லை.

"பார்த்தேன்டா" என்றேன். பார்த்தேன். பார்த்துத்தான் விட்டேன்.

"கை வலிச்சுது மிஸ்" என்று சொல்லிவிட்டுச் சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு போனாள்.

திங்கட்கிழமை லைன் பிஸி என்று இதில் எழுதி வைத்திருக்கிறேன். அது திங்கட்கிழமைக்கு உண்மை. செவ்வாய்க்கிழமை லைன் கிடைத்தது. பிள்ளை ரொம்பச் சோர்வாகத் தெரிகிறாள், வியாழக்கிழமை வீட்டில் இருக்கட்டும் என்று அவள் அம்மாவிடம் இனிக்க இனிக்கப் பேசினேன். நறுமுகை கதவருகே நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். இதைத்தான் எழுதாமல் விட்டேன்.

பிப்ரவரி 13, வெள்ளி

அங்கீகாரம் உறுதியாம். குழு கிளம்பும் முன்பே வாய்மொழியாகச் சொல்லிவிட்டார்கள். தமிழ்வழி தொடரும். ஆசிரியர் அறையில் மைசூர்பாகு வந்தது. ராஜேஸ்வரிகூட என் தோளைத் தட்டினார். நறுமுகையின் படிப்புக்கு இனி பயமில்லை. அதை அவளிடம் இன்று சொன்னேன், வேலை போயிருக்கும் என்பது உட்பட எல்லாவற்றையும். "அதுக்காகத்தானாம்மா?" என்று கேட்டாள். தட்டை எடுத்து வந்து பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டாள்.

காலையில் பாடம் தொடங்கும் முன் வகுப்பிடம் சொன்னேன், இனிமேல் அந்தக் கை வித்தை வேண்டாம், தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் இஷ்டப்பட்ட கையைத் தூக்கலாம் என்று. யோனாஸ், "எனக்கு அது பிடித்திருந்தது மிஸ்" என்று வருத்தப்பட்டான். பிறகு உப்புக் கேள்வியை மறுபடி கேட்டேன். மின்சோ, "நேத்தே சொல்லிட்டனே மிஸ்!" என்றான்.

"நேத்து ஒருத்தருக்கு நான் வாய்ப்பே குடுக்கல. அவங்க வீட்ல செஞ்சே பார்த்திருக்காங்க. ஆதிரை, நீ சொல்லும்மா."

எல்லாரும் அவள் பக்கம் திரும்பினார்கள். இரண்டு கையையும் பெஞ்சுக்கு அடியில் வைத்திருந்தாள். எழுந்து நின்றாள். நான் காத்திருந்தேன். மூடி, வெள்ளையாக ஒட்டியிருந்த உப்பு என்று ஒரு சொல் வந்தால்கூடப் போதும் என்று மனசுக்குள் கெஞ்சினேன்.

"தெரியாது மிஸ்" என்றாள்.